நாலு பேருக்கு மேல் ஆகாது

அக்கா எந்த அறைக்குள்ளும் எண்ணாமல் நுழைய மாட்டார். கதவு விரியத் திறந்திருந்தாலும் நிலைப்படிக்கு வெளியே நிற்பார். பித்தளைக் கைப்பிடியில் உள்ளங்கையை முழுதாகப் பதித்து இரண்டு மூச்சு இழுத்து விடுவார். அப்புறம் உள்ளே இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, உதடு மட்டும் அசைய எண்ணுவார். தன்னையும் சேர்த்து நாலுக்கு மேல் போனால் உள்ளே வர மாட்டார். “ஒரு ஆளு வெளிய வாங்க” என்பார். குரலை உயர்த்தியதே இல்லை. மாமியாரோ, ஊரில் பெரிய புள்ளியோ, யாராவது ஒருவர் எழுந்து வந்தாக வேண்டும்.

பிள்ளை பெற்றவள் அறையில் கூட்டம் கூடாது என்பது நல்ல விஷயம்தானே என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவர் எண்ணும் விதம்தான் இடித்தது. பெற்றவள், அவளுடைய அம்மா, நான் என்று மூன்று பேர் இருப்போம். வாசலில் நின்றுகொண்டு, “நாலு பேரு இருக்கீக, நான் வந்தா அஞ்சு” என்பார். குழந்தையைச் சேர்த்துச் சொல்கிறார் போல என்று விட்டுவிட்டேன். குறைமாதக் குழந்தையை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் விட்டுவிட்டு வந்த ஒரு பெண்ணின் அறையிலும் அவருக்கு அதே எண்ணிக்கை வந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக நானும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

அந்த அக்காவின் எண்ணிக்கையில் ஒருநாள் நான் விட்டுப்போனேன். இதை எழுத நான் உயிரோடு இருப்பது அதனால்தான்.

சிவகாசியிலிருந்து திருத்தங்கல் போகிற சாலையில் உள்ள ஒரு லாட்ஜில் நான் ரிசப்ஷனில் இருந்தேன். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வெடி ஆர்டர் கொடுக்க வடக்கேயிருந்து வியாபாரிகள் வந்து குவிவார்கள். சீசன் முடிந்தால் மூன்று மாடியும் காலி. முதலாளியம்மாவின் மகளுக்கு வெளியூரில் பிரசவமாகி, கூட இருக்க ஆளில்லாமல் அந்தப் பெண் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, அவர் இரண்டாம் மாடியைப் பேறுகாலம் பார்க்கிற மாடியாக மாற்றினார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வரலாம். இருபது நாளோ நாற்பது நாளோ தங்கலாம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, வயிறு கட்டுவது, பத்தியச் சாப்பாடு எல்லாம் உண்டு. காலையில் ஒரு நர்ஸ் வருவார், வாரம் ஒருமுறை டாக்டரம்மா. “லாட்ஜுல போயி பிள்ளப்பேறா” என்று சிரித்த ஊர், பிறகு அறை இருக்கிறதா என்று எனக்கே போன் போட்டுக் கேட்டது.

பெற்றவர்களைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் அக்கா. நாற்பதுக்கு மேல் வயது இருக்கும். அதற்கு முன் பத்தொன்பது வருடம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கம் மருந்து என்றால் இரண்டு. ஒன்று வெடிக்குள் போவது. இன்னொன்று பிள்ளை பெற்றவள் வாய்க்குள் போவது. சுக்கு, திப்பிலி, ஓமம், பூண்டு, கருப்பட்டி எல்லாம் போட்டு நெய் ஊற்றிக் கிண்டுகிற லேகியம். “அந்த மருந்த விட்டுட்டு இந்த மருந்துக்கு வந்துட்டீகளாக்கா?” என்று வந்த புதிதில் கேலி பண்ணினேன். நான் கொஞ்சம் வாய்க்காரி. அக்கா சிரிக்கவில்லை. “ரெண்டும் ஒரே வேலதான தாயி” என்றார்.

உடம்பில் எங்காவது தீக்காயம் இருக்கும் என்று எல்லோரும் முதலில் அவர் கையைத்தான் பார்ப்பார்கள். ஒரு கொப்புளத் தழும்புகூடக் கிடையாது. “பத்தொம்பது வருசம். ஒரு பொறி இல்ல” என்பார். அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். உள்ளங்கை ரேகைகளில் மட்டும் வெள்ளியாக ஏதோ மின்னும். அலுமினியப் பவுடர் என்று சொன்னார்கள். வேலையை விட்டு இரண்டு வருடம் ஆன பிறகும் அது எப்படிப் போகாமல் இருக்கும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மருந்து அறைச் சட்டம் அத்தனையும் அவரோடு மாடி ஏறி வந்திருந்தது. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் ஆகாது. செருப்பு ஆகாது. பருத்தி தவிர வேறு துணி ஆகாது. நாற்காலியைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், தரையில் இழுக்கக் கூடாது. வாசலில் கை வைத்து உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்பெனியில் அதற்கென்று செம்புத் தகடு பதித்திருப்பார்களாம், இங்கே கதவுக் கைப்பிடி. பட்டுச்சேலை சரசரக்க வந்த ஒரு சம்பந்தியம்மாவை, “பருத்திச் சேல மாத்திட்டு வாங்க” என்று கீழே அனுப்பிவிட்டார். அந்த அம்மா என் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் என்னை வறுத்தெடுத்தார். குளித்த தலைக்குச் சாம்பிராணி போடவும் அக்கா விட மாட்டார். சிவகாசியில் தீக்குச்சி உரசாத மாடி எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

குழந்தையைப் பார்க்க மாட்டார். தூக்க மாட்டார் என்று சொல்லவில்லை, பார்க்கவே மாட்டார். தொட்டில் இருக்கிற பக்கம் முகம் திரும்பாது. பச்சைக் குழந்தை இருக்கிற அறைக்குள் போனால் யாருக்குமே கண் தானாகக் குழந்தைக்குத்தான் போகும். அக்காவின் கண் நேராகப் பெற்றவள் முகத்துக்குப் போகும். அங்கேயே நிற்கும், இமைகூட அதிகம் அடிக்காது. பயமாக இருக்கிறது என்று பல பெண்கள் என்னிடம் முறையிட்டிருக்கிறார்கள். ஒருத்தி மட்டும், “பிள்ள பொறந்ததுல இருந்து என் மூஞ்சிய யாருமே பாக்கலக்கா, இவுக ஒருத்தர்தான் பாக்காக” என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள்.

பெண்கள் அழுதால் அக்கா கலங்குவதே இல்லை. கடைசி அறையில் இருந்த பெண் ஒருநாள் காலையிலிருந்து ஓயாமல் அழுதாள். நான் பதறிக்கொண்டு மேலே ஓடினேன். அக்கா வராந்தாவில் குளியல் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“அழுகட்டும் தாயி. ஈரமாத்தான இருக்கு.”

“என்னக்கா ஈரம்?”

“மருந்து ஈரமா இருக்கையில பயம் இல்ல. பெசையலாம், உருட்டலாம். காயும்போதுதான் பக்கத்த விட்டு நகரக் கூடாது.”

“அவ பொம்பளக்கா. மருந்து இல்ல.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யாரு சொன்னா?” என்று கேட்டுவிட்டு அடுத்த துணியை எடுத்தார்.

ஷமீமா வந்தது அந்தச் சமயத்தில்தான். விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், தலைப்பிள்ளை. வந்த நாளிலிருந்து சிரிப்பே கிடையாது. ஒன்பதாம் நாள் மத்தியானம் ரிசப்ஷனுக்குப் போன் போட்டு, “அக்கா, இங்கன கொஞ்சம் வாங்களேன்” என்று கிசுகிசுத்தாள். போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் ஒரு தம்ளர் பூண்டுப்பால் வைத்திருந்தது.

“எனக்கு ஒண்ணு குடுத்துட்டு, அங்கன ஒண்ணு வைக்கிறாக. தெனமும் வைக்கிறாக. அத நான் குடிக்கப் போனா கையப் பிடிச்சுக்கிறாக. அந்த நாக்காலில யாரையும் உக்கார விட மாட்டேங்கிறாக. எங்க அத்தா வந்தப்பகூட நின்னுக்கிட்டே பாத்துட்டுப் போனாக.”

அக்காவை வராந்தாவுக்கு அழைத்துக் கேட்டேன். ஒளிக்க வேண்டிய விஷயமாக அவருக்கு அது தோன்றவே இல்லை.

“அது அவுகளுக்கு.”

“அவுகன்னா?”

“பழைய ஆளுக்கு. பெத்தவ ரெண்டு ஆளு தாயி. பிள்ளைக்கு முந்தி இருந்தவ ஒண்ணு. இப்ப அம்மான்னு படுத்திருக்கிறவ ஒண்ணு. பழையவ சட்டுனு போக மாட்டா. எங்க போவா? அவளுக்கும் பசிக்கும்ல.”

வெயில் கொதிக்கிற நேரம். எங்கோ ஒரு கம்பெனியில் வெடியைக் கொளுத்திச் சோதித்துப் பார்க்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. மூன்று பேர் எப்படி நாலு பேர் ஆனார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இரண்டு நாள் கழித்து நான் மேலே போனபோது இரண்டு தம்ளரும் காலி. “அல்லா மேல சத்தியமா நான் ஒண்ணுதான் குடிச்சேன்” என்றாள் ஷமீமா. அவள் அம்மா அப்போது ஊருக்குப் போயிருந்தார். அறையில் வேறு ஆளில்லை. அக்கா இரண்டு தம்ளரையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து எடுத்துக்கொண்டார். “குடிச்சுட்டாக. இனிப் போயிருவாக” என்றார். அடுத்த வாரம் வாசலில் நின்று எண்ணிவிட்டு, “ஒண்ணாயிட்டாக, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்” என்று சொல்லிவிட்டார். அன்று ஷமீமா என் மேஜை முன்னால் நின்று எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அவளிடம் பேச்சுக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது, புதிதாக ஒருத்தியைப் பார்ப்பது போல.

நான் முதலாளியம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன். வருகிறவர்களிடம் பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்துகிறார், லாட்ஜ் பெயர் கெட்டுவிடும் என்றேன்.

“எம் மக மொகத்தப் பாத்துப் பயந்தவ நான். அவுக இருக்கிற மாடியில எனக்கு அந்தப் பயம் வரல. நீ போயி வேலயப் பாரு” என்று சொல்லிவிட்டார்.

மறுவருடம் எனக்கே பேறுகாலம் வந்தது. அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். மாமியாருக்கு முட்டி வலி, தரையில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் திருத்தங்கலில் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறார். “நம்ம மாடி இருக்கையில வேற எங்க போகப்போற?” என்று முதலாளியம்மா தென்பக்க அறையைத் திறந்துவிட்டார். பெண் குழந்தை. பகலில் மாமியார் வந்து உட்கார்ந்திருப்பார். இவர் ஷிப்ட் முடிந்ததும் வந்துவிடுவார்.

முதல் பதினோரு நாள் நான் அழுதேன். பால் சரியாக வரவில்லை என்று அழுதேன். வந்தபோது வலிக்கிறது என்று அழுதேன். அக்கா குளிப்பாட்டும்போது மட்டும் நிறுத்திக்கொள்வேன், மானம் போகிறதே என்று. “நிறுத்தாதீக” என்பார். எனக்கும் நாற்காலி போட்டார், எனக்கும் இரண்டாவது தம்ளர் வைத்தார். “அவளுக்குச் சீனி பத்தலயாம்க்கா” என்று நான் கேலி பேசினேன். மறுநாள் அந்தத் தம்ளரில் ஒரு ஸ்பூன் கூடப் போட்டுக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் நான் அந்த நாற்காலியைப் பார்த்துக் கேலி பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் அழுகை நின்றது. “இப்பத்தான் பிள்ள தெளிஞ்சிருக்கா” என்று மாமியார் மகிழ்ந்துபோனார். இவர் அல்வா வாங்கி வந்தார். எனக்குள்ளே சத்தமே இல்லாமல் போயிருந்தது. குழந்தை அழுதால் பக்கத்து வீட்டில் யாரோ அழுவதாகக் கேட்டது. தூக்கம் போய்விட்டது, பசி போய்விட்டது, பயம்கூடப் போய்விட்டது. நான் இல்லாவிட்டால் இவர்கள் எல்லோரும் நன்றாக இருப்பார்கள் என்ற நினைப்பு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அது துக்கமாக வரவில்லை. காயப்போட்ட துணியை எடுக்க வேண்டும் என்பது மாதிரி, செய்ய வேண்டிய ஒரு வேலையாக வந்தது. இப்போது நினைத்தாலும் நான் பயப்படுவது அதற்குத்தான்.

அந்த நாட்களில் இரண்டு தம்ளரும் ஆடை படிந்து அப்படியே இருந்தன. அக்கா அடிக்கடி வாசலில் வந்து நின்றார். எண்ண ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

பதினேழாம் நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும். நைட்டியை மாற்றிச் சேலை கட்டியிருந்தேன். தலையைப் பின்னி முடித்திருந்தேன். குழந்தைத் துணிகளை மடித்து அடுக்கிக் கட்டில் தலைமாட்டில் வைத்திருந்தேன். இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டு விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“கீழ ரிசப்ஷன் வரைக்கும் போயிட்டு வாரேன். உள்ளயே கெடந்து என்னமோ மாதிரி இருக்கு” என்றேன்.

“பாத்துப் போ” என்றார் இவர். தலை நிமிரவில்லை.

“காதுல துணியக் கட்டிக்கிட்டுப் போத்தா, காத்து அடிக்கும்” என்றார் மாமியார்.

நான் ரிசப்ஷனுக்குப் போகவில்லை. எங்கே போகிறேன் என்பதும், திரும்பி வரப்போவதில்லை என்பதும் எனக்கு மட்டும் தெரியும். வாசலை நோக்கி இரண்டு அடி வைத்தேன். அக்கா நின்றிருந்தார். உள்ளங்கை கைப்பிடியில் இருந்தது.

அவர் கண் இவரைப் பார்த்தது, உதடு அசைந்தது. மாமியாரைப் பார்த்தது, உதடு அசைந்தது. பிறகு என்மேல் வந்தது. உதடு அசையவில்லை. நாற்காலிக்குப் போனது. அங்கேயும் அசையவில்லை. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார்.

“ரெண்டு பேருதான் இருக்கீக” என்றார்.

இவர் சிரித்துவிட்டார். “என்னக்கா, என் பொண்டாட்டி குத்துக்கல்லாட்டம் முன்னால நிக்கா, தெரியலயா?”

அக்கா என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “தம்பி, மருந்து காஞ்சிருச்சு. டாக்டரம்மாவுக்குப் போனப் போடுங்க.”

“மருந்து காஞ்சதுக்கு டாக்டரம்மா எதுக்கு? கிச்சன்ல சொன்னா நெய் ஊத்திக் கிண்டித் தருவாக.”

“ஆமா, நேத்தே கட்டியாத்தான் இருந்துச்சு” என்றார் மாமியார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்த சத்தம் எனக்கே தூரத்தில் கேட்டது. அக்காவிடம் வேறு வார்த்தை இல்லை. பத்தொன்பது வருடம் அந்த ஒரு வார்த்தையோடுதான் இருந்திருக்கிறார். இவர் வீட்டில் மருந்து என்றால் லேகியம்.

அக்கா நிலைப்படியின் குறுக்கே உட்கார்ந்தார். அவர் எந்த அறையிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலை நீட்டி வாசலை அடைத்துக்கொண்டார். “பிள்ளையத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் கீழ போங்க. முதலாளியம்மாகிட்ட, நான் டாக்டரம்மாவ இப்பவே வரச் சொன்னேன்னு சொல்லுங்க. அவுக வர்ற வரைக்கும் மேல ஏற வேண்டாம்.” அந்தக் குரலில் என்ன இருந்ததோ, இவர் எழுந்துவிட்டார். காலைத் தாண்டி எப்படிப் போவது என்று மாமியார் முணுமுணுத்தார். அக்கா காலை மடக்கி அவர்களுக்கு வழி விட்டு, மறுபடி நீட்டிக்கொண்டார். குழந்தை தலைக்கு மேலே போனபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

“எங்க கிளம்பிட்டீக?”

“ரிசப்ஷனுக்கு.”

“நீங்க ஒருத்தர் போனா ரிசப்ஷனுக்கு. ரெண்டு பேருமாச் சேந்து எங்க போறீக?”

நான் திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தேன். பதினேழு நாளும் காலியாக இருந்த நாற்காலிதான். ஆனால் அது காலியாக இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

அக்கா தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவரில்லை. அன்று சொன்னார், வேறு யாரோ வீட்டு விஷயத்தைச் சொல்கிற குரலில்.

“எங்க அக்காவுக்குப் பிள்ள பொறந்து பதினோராம் நாளு. வெம்பக்கோட்டையில எங்க வீட்டுல வச்சுப் பேரு விட்டோம். வீடு நெறைய ஆளு. எல போடுறதுக்கு ஆளு எண்ணச் சொன்னாக. நான் வாசல்ல நின்னு எண்ணுனேன். எண்ணி எலயப் போட்டேன். எல சரியா இருந்துச்சு தாயி. ஒண்ணு கூடல, ஒண்ணு கொறையல. அம்புட்டுப் பேரும் பிள்ளையச் சுத்தி நின்னுட்டு வந்து உக்காந்து சாப்பிட்டோம். நான் அவள எண்ணவே இல்லன்னு கை கழுவுறப்பத்தான் தெரிஞ்சுச்சு. அதுக்குள்ள போயிட்டா.”

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அன்னையில இருந்து பெத்தவளப் பாத்தா எனக்கு ரெண்டாத்தான் தெரியும். இன்னைக்கு நீங்க ஒண்ணாக்கூடத் தெரியல. எங்க போறீகன்னு சொல்லுங்க.”

சொன்னேன். முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். காதில் விழுந்த பிறகுதான் அது எவ்வளவு பயங்கரமான வார்த்தை என்று தெரிந்தது. அழுகை வந்தது. ஐந்து நாள் எங்கே போயிருந்ததோ, அத்தனையும் சேர்ந்து வந்தது. அக்கா என் பாதத்தில் உள்ளங்கையை முழுதாகப் பதித்து வைத்துக்கொண்டார். டாக்டரம்மா மாடியேறி வரும்வரை எடுக்கவில்லை.

பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வருகிற மனநோய் இது, மருந்து உண்டு, சரியாகிவிடும் என்று டாக்டரம்மா இவரிடம் சொன்னார். மறுநாளே மதுரைக்கு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். மாத்திரை, தூக்கம், மறுபடி மாத்திரை. மெல்ல மெல்லப் பக்கத்து வீட்டு அழுகை என் குழந்தையின் அழுகையாக ஆனது. அப்படி ஆன அன்று அவளை அள்ளி எடுத்து நான் கொஞ்சிய கொஞ்சல் இருக்கிறதே, மாமியாரே வெட்கப்பட்டார். இவர் ஒவ்வொரு முறையும் மதுரைக்கு என்னோடு வந்தார். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. நல்ல மனுஷன்.

நான் கிளம்பும் அன்று அக்கா வாசலில் நின்று எண்ணினார். “ஒண்ணாயிட்டீக” என்றார்.

“போனது யாருக்கா? பழையவளா, புதியவளா?”

“அது எனக்குத் தெரியாது தாயி. எண்ணத்தான் தெரியும்.”

விளையாட்டுக்குக் கேட்ட கேள்வி அது. பதில் இன்றும் என்னைச் சில சமயம் பிடித்து நிறுத்திவிடுகிறது. என் கல்யாணப் போட்டோவில் இருப்பவளை எனக்குத் தெரியும் என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியவில்லை.

நான் வேலைக்குத் திரும்புவதற்குள் அக்கா நின்றுவிட்டிருந்தார். காரணம் யாருக்கும் தெரியவில்லை. மூன்று வருடம் கழித்துச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒரு டவுன் பஸ்ஸின் படிக்கம்பியில் உள்ளங்கையைப் பதித்து நின்றிருந்தார், உதடு அசைந்துகொண்டிருந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். அக்கா கையை எடுத்துக்கொண்டார், பஸ் போய்விட்டது. மகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

“தூங்குறீகளா?” என்று கேட்டார். நலம் விசாரிப்பு அவ்வளவுதான்.

“தூங்குறேன்க்கா. ஏன் அந்தப் பஸ்ல ஏறல? காலியாத்தான போச்சு?”

“காலியா? எம்புட்டுக் கூட்டம்” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்பக்க இருக்கைகளில் ஒரு தலைகூடத் தெரியவில்லை. மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது அக்கா அடுத்த பஸ்ஸுக்குப் போய் நின்றிருந்தார்.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்துவிட்டு, “பாப்பாவுக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வேணும்ல” என்று இவர் ஆரம்பித்தார். வேண்டாம் என்றேன். ஏன் என்றார். பிரசவத்துக்குப் பின் எனக்கு உடம்புக்கு முடியாமல் போனது அவருக்குத் தெரியும். அந்தப் பதினேழாம் நாள் மத்தியானம் சேலை கட்டித் தலை பின்னி நான் எங்கே கிளம்பினேன் என்பது தெரியாது. டாக்டரிடம் சொன்னேன், இவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று சொன்னேன்.

இவர் கை கழுவக்கூட எழவில்லை. கை காய்ந்து சோறு ஒட்டிப்போயிருந்தது.

“நான் அங்கனதான இருந்தேன். எட்டிப் பிடிக்கிற தூரத்துலதான இருந்தேன்.”

“ஆமா, இருந்தீக” என்றேன். “பிள்ளையப் பாத்துக்கிட்டு இருந்தீக.”